மேடையைக் கப்பலில் ஏற்ற வேண்டாம்

கலைத்தொண்டு என்றவுடன் நம் கண்முன் வருவது ஒரு மேடை, மேடையின்மேல் நாம், கீழே, அண்ணாந்து பார்க்கும் ஊரார். இந்தப் படத்தை நம் நெஞ்சில் வரைந்து வைத்தவர் கைதேர்ந்த ஓவியராகத்தான் இருக்கவேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அழியமாட்டேன் என்கிறது. இவ்வாண்டு நம் சங்கத்தின் சார்பில் அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்கு ஒரு கலைக்குழுவை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பதினெட்டுப் பேர், மூன்று நாள், இரண்டு நிகழ்ச்சிகள். ஒலிபெருக்கி, வண்ண விளக்கு முதலிய சாதனங்களும் உடன் வரும். ஆடல், பாடல், ஒரு சமூக நாடகம். திரும்பி வந்ததும் படங்களோடு ஓர் அறிக்கை. நோக்கம் நன்று. திட்டத்தை நான் எதிர்க்கிறேன்.

எதிர்ப்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று செயற்குழு நண்பர்கள் கேட்கலாம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் வளர்ந்தவன் நான். சென்ற ஆண்டு ஐந்து வாரம் ஹேவ்லாக்கில் தங்கி, விஜயநகரில் ஒரு வீட்டு முற்றத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். கடைசி வாரம் முப்பத்தொருவர். பெரிய சாதனை என்று இதைச் சொல்லவில்லை. சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஹேவ்லாக் என்றால் நம்மிற் பலருக்கு ராதாநகர்க் கடற்கரை நினைவுக்கு வரும். விளம்பரப் படங்கள் செய்த புண்ணியம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட ஆங்கிலத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரை நெடுங்காலம் சுமந்த அத்தீவு, 2018 டிசம்பர் 30 முதல் அரசாங்க ஏடுகளில் சுவராஜ் தீவு. ஊரார் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தை விட்டு ஓடிவந்த குடும்பங்களை 1950களில் அங்கே குடியேற்றினார்கள். காட்டை வெட்டி வயலாக்கியவர்களும், கமுகும் தென்னையும் நட்டவர்களும் அவர்களே. கோவிந்தநகர், கிருஷ்ணநகர், சியாம்நகர், ராதாநகர் என்று அவர்கள் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பாதி கீர்த்தனம் பாடியாகிவிடும்!

ஓடிவருகிறவன் வீட்டையும் வயலையும் தூக்கிக்கொண்டு வரமுடியாது. பாட்டைக் கொண்டுவரலாம், அதற்குச் சுமைகூலி இல்லை. ஆற்றில் ஓடம் தள்ளும்போது பாடும் படியாலிப் பாட்டு, வைணவர் கீர்த்தனம், மாதுவா கூட்டத்தாரின் பாட்டு, ரவீந்திரர் பாட்டு எல்லாம் கடல் கடந்து வந்து சேர்ந்தன. நமக்கு ஆடி மாதம், அவர்களுக்குச் சிராவணம். அப்போது பாம்புகளின் தெய்வமாகிய மனசா தேவியின் கதையைப் பாட்டாகவே சொல்வார்கள். கோல் என்னும் மண் மத்தளமும் கரத்தாளமும் ஆர்மோனியமும் உள்ள வீடுகளை நானே கண்டிருக்கிறேன். அந்த ஆர்மோனியங்கள் பலவற்றில் இரண்டு மூன்று சுரங்கள் பேசா. உப்புக்காற்று உள்ளே புகுந்து நாக்குகளைத் தின்றுவிட்டது. இந்த ஊருக்குத்தான், பாட்டே அறியாதவர் வாழும் இடம் என்று எண்ணிக்கொண்டு, நாம் பாட்டைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகப் பார்க்கிறோம்.

நமது திட்டத்தில் பாடல் என்று எழுதியிருப்பது உண்மையில் பாடலும் அன்று. ஒலிப்பதிவை ஓடவிட்டு அதற்கு வாயசைத்து ஆடுவது. பள்ளி ஆண்டு விழாக்களில் இன்று அந்தமானிலும் அதுதான், தமிழ்நாட்டிலும் அதுதான். பாடுகிறவர் மும்பையிலோ சென்னையிலோ உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் என்றோ பாடி முடித்துவிட்டார். பிள்ளை கைகால் அசைக்கிறது. ஆடைக்கு வாடகை கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை முன் வரிசையில். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை நாற்காலி அடுக்குகிறது. நான் படித்த ஒரு பள்ளியில் நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுள் இருவர் எங்கள் வகுப்பிலேயே மிக நன்றாகப் பாடக்கூடியவர்கள். அவர்களுடைய குரலை அந்த விழாவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை, பாட்டுத்தான் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்ததே. இதற்கு எதிர்ச்செயல் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுப்பது. மூன்று நாளில் அது நடவாது.

ஏன் நடவாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது மிக எளிய வேலை என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது.

முதற் சிக்கல் சுருதி. ஆண்பிள்ளைகள் நாம் ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ பாடுவோம். பத்து வயதுக் குழந்தையின் தொண்டைக்கு அது கிணற்றின் அடிமட்டம். ஐந்து கட்டைக்கு அருகில் ஏற்றினால்தான் அதன் குரல் வெளிச்சத்துக்கு வரும். ஆசிரியர் தம் வசதிக்குச் சுருதியை வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் குரல் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். எத்தனை பேரின் பாட்டு இந்த ஒரு தீர்ப்போடு முடிந்திருக்கிறது! நம் சங்கத்திலேயே "எனக்குப் பாட வராது" என்று சொல்லித் திரிகிறவர்களில் பாதிப்பேர் இப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் என்று நான் சந்தேகிக்கிறேன்.

அடுத்தது, எங்கே தொடங்குவது என்பது. நாம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குகிறோம். புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். வடநாட்டார் பிலாவலில் தொடங்குவர். அது ஏறத்தாழ நம்முடைய சங்கராபரணம். வங்காளக் குழந்தையின் காதில் முன்பே ஏறியிருப்பது அது. எனவே நானும் அங்கேயே தொடங்கினேன். ஏழு சுரத்தின் பெயரும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றாயிருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். பாஷை தெரியாவிட்டாலும் ச, ரி, க, ம தெரிந்தால் ஒரு மணிநேரம் பேசிக்கொண்டிருக்கலாம். அவர்கள் ரியை ரே என்பார்கள், அவ்வளவே வேறுபாடு.

பிறகு நாக்கு. வங்காளியின் வாயில் வகரம் பகரமாகிவிடும். "வா வா" என்று நான் பாடினால் "பா பா" என்று முப்பது குரல் திருப்பிப் பாடும். ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் "பாலோ" என்னும் அவர்கள் சொல்லில் மூச்சோடு வரும் பகரத்தை நான் சொல்ல முயன்றபோது பிள்ளைகள் முற்றத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கற்பிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க முடிகிற வகுப்பில் பயம் போய்விடும். பயம் போன தொண்டையில்தான் பாட்டு வரும். அன்றிலிருந்து நான் அவர்களுக்குத் "தாதா" ஆனேன். அஞ்ச வேண்டாம், வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் சினிமாவில்தான் அதற்கு வேறு பொருள்.

அந்த முப்பத்தொருவரில் இருவர் தமிழ்ப் பிள்ளைகள். ஒருத்தி, கடைத்தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. தமிழ் பேசுவதையே மறைத்துக்கொள்ள விரும்புகிறவள்போல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ழகரம் வந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் தத்தளித்தபோது, அவள் எழுந்து ஒருமுறை சொன்னாள். மறுநாள் முதல் ழகரத்துக்கு அவளே ஆசிரியை. ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்து, நாக்கு எங்கே மடிகிறது என்று சோதிப்பாள்! "அந்தமானில் தமிழ்ப்பணி செய்வதென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்தால் என்ன?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதையே விடையாகச் சொல்வேன். தனியே கூட்டி வைத்து அவளுக்கு நான் ஆயிரம் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாலும், தன் மொழியை நாலுபேர் விரும்பிக் கேட்கிறார்கள் என்ற எண்ணத்தை அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்குத் தாய்மொழி வங்காளி. பதினைந்து பேருக்குத் தமிழ். இந்த இரு கூட்டத்தாரும் பேசிக்கொள்வது இந்தியில். பாட்டிலாவது நேருக்கு நேர் சந்தித்தால் என்ன? இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய நம்மவர்களிடமும் நாம் போக வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அது வேறு பயணம். அதற்கும் மூன்று நாள் போதாது.

இனி நாடகத்துக்கு வருகிறேன். இங்கே நமக்கு முன் நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களே என்பதை நாம் மறந்துவிட்டோம். 1956இல் இலங்கைப் பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர "மனமே" என்னும் சிங்கள நாடகத்தைத் தம் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கிராமத்து நாடகம் என்னும் கூத்து வடிவிலிருந்து அதை எடுத்தார். அதன் இசையைக் கற்பிக்க சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் கிராமத்துக் குருவை அழைத்து வந்தார். அதே வளாகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த சு. வித்தியானந்தன், நம் கூத்தும் இவ்வாறு எழக்கூடாதா என்று துணிந்தார். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வந்தார். மாணவர் ஆடினர். 1962இல் கர்ணன் போர், அடுத்து நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன் என்று அரங்கேறின. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர் இந்த வித்தியானந்தன். ஆடிய மாணவருள் ஒருவர் சி. மௌனகுரு, அவர் பிற்காலத்தில் பேராசிரியராக இருந்த கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் இடமும் அதே வந்தாறுமூலைதான்.

இந்த வரலாற்றில் நான் வியப்பது ஒன்று. ஆசிரியர் இருக்கையில் யார் அமர்ந்தார் என்று பாருங்கள். பட்டதாரியாகப் போகிறவர்கள் மாணாக்கர். ஊர் அண்ணாவி ஆசிரியர். மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழக மாதக்கணக்காகும். சட்டம் கொடுத்தல் என்று ஆளுக்கேற்ற பாத்திரத்தைப் பிரித்துத் தருவார்கள், ஆட்டம் படிந்தபின் சதங்கை அணிவார்கள், அடுக்குப் பார்ப்பார்கள், பிறகே அரங்கேற்றம். ஊரே கூடி நின்று வளர்க்கும் பயிர் அது. பேராதனையில் இதை நகர மேடைக்காகச் சுருக்கினார்கள் என்றும், விடிய விடிய ஆடியதை இரண்டு மணிக்குள் அடக்கினார்கள் என்றும், சுற்றிலும் சனம் சூழ்ந்திருந்த வட்டக் களரியைப் படச்சட்டம் போன்ற மேடைக்குள் தள்ளினார்கள் என்றும் குறை சொல்வோர் உண்டு. குறையில் நியாயம் இருக்கிறது. வட்டக் களரியில் ஆடுகிறவனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. எல்லாத் திசையிலும் அவனுடைய அத்தையும் மாமனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உறவு மேடையில் அறுந்துபோகும். ஆயினும், படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த கூத்தைப் படித்த பிள்ளைகளின் காலிலேயே கட்டிவிட்டாரே, அந்தத் துணிவுக்காக நான் வித்தியானந்தன் பக்கமே நிற்பேன்.

ஹேவ்லாக்கில் வட்டக் களரியாக முற்றம் இருக்கிறது. மேடை எதற்கு?

எழுதி வைத்த நாடகமும் எதற்கு? நாம் கொண்டுபோகவிருக்கும் சமூக நாடகத்தின் பிரதியைப் படித்தேன். மதுவின் தீமையைப் பற்றியது. நல்ல கருத்து, ஆனால் அந்தத் தீவில் யார் குடிக்கிறார், ஏன் குடிக்கிறார் என்று எழுதியவருக்குத் தெரியாது. சாந்திநிகேதனத்தில் ரவீந்திரர் என்ன செய்தார்? 1908இல் அவர் எழுதிய "சாரதோத்சவ்" நாடகத்தில் பெண்பாத்திரமே இல்லை. காரணம் எளிது, அப்போது அவர் பள்ளியில் இருந்தவர்கள் பையன்கள். இருக்கிற பிள்ளைகளுக்கு ஏற்ப நாடகம் எழுதினார். நாடகத்துக்கு ஏற்பப் பிள்ளைகளைத் தேடவில்லை. பாட்டுகளைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் பொறுப்பைத் தினேந்திரநாத் என்னும் உறவினர் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து சுமந்தார். மகாகவிக்கே ஓர் இருந்து கற்பிப்பவர் தேவைப்பட்டார் என்றால் நமக்கு வேண்டாமா?

விஜயநகர் முற்றத்தில் நாங்களும் ஒரு நாடகம் போட்டோம். பிள்ளைகளிடம், "உங்கள் தாத்தா பாட்டி எப்படி வந்தார்கள் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொண்டுவந்தார்கள். கப்பலில் வாந்தி எடுத்தது ஒருவர் கதை. இறங்கியதும் எங்கே பார்த்தாலும் காடு என்று கிழவி அழுதது இன்னொருவர் கதை. விதைநெல்லைச் சேலை முந்தானையில் முடிந்துவந்தது மூன்றாவது. இதற்குப் பிரதி கிடையாது, வாடகை ஆடை கிடையாது. சாக்கு மூட்டையும் அவரவர் வீட்டுச் சேலையும் போதுமாயிருந்தன. அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கடிகாரம் நம்முடையது, சூரியன் கிழக்கிலுள்ளது. ஆகவே நாலரைக்கே தொடங்கினோம். காட்டைக் கண்டு அழுகிற காட்சியில் ஒரு சிறுமி நம் சினிமாவில் அழுவதுபோல மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். "அப்படி இல்லையடி. நாங்கள் அழவில்லை. பாடினோம்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே பாடவும் பாடினார். குரல் நடுங்கிற்று, சுருதி எங்கோ போயிற்று. பக்கத்திலிருந்த நான்கைந்து முதியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. தம் வீட்டிலேயே இருந்த பாட்டு, ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் வகுப்பில் நான் கற்பிக்க ஒன்றும் இல்லை. மூதாட்டி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

நம் பதினெட்டுப் பேர் மேடையில் ஆடும்போது இப்படி யாரும் எழுந்து "அது அப்படி இல்லை" என்று சொல்லமாட்டார்கள். மரியாதையாகக் கை தட்டுவார்கள்.

இன்னோர் அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹேவ்லாக்கில் இன்று விடுதிகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் பாடுகிறார்கள் என்று தெரிந்தால், இரவு உணவு வேளையில் விருந்தினர்முன் அவர்களை நிறுத்தக் கேட்டு ஆள் வரும். எங்களிடமும் ஒருவர் வந்தார். பணமும் தருவதாகச் சொன்னார். பெற்றோர் சிலருக்கு அதில் விருப்பமும் இருந்தது. வறுமையை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தத் தீவுகளில் பிறர் பார்க்க ஆடவைப்பது என்பதற்கு ஓர் இருண்ட வரலாறு உண்டு. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காட்சி 2012இல் வெளியாகி உலகமே முகம் சுளித்தது. குடியேறியவர்களின் நிலையும் பழங்குடிகளின் நிலையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். இருந்தும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்முன் குழந்தையைப் பாடவைப்பதும், ஊர்கூடிய முற்றத்தில் குழந்தை பாடுவதும் ஒரே கலை என்று எவரேனும் வாதிட்டால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. விருந்தினர் விரும்பினால் முற்றத்துக்கு வந்து, ஊராரோடு தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டு வெளிநாட்டார் அப்படி வந்தார்கள். அவர்களுக்கும் கமுகுப்பாளைத் தட்டில் பொரி கிடைத்தது.

"ஐந்து வாரம் யார் போவார்? பரீட்சை இருக்கிறதே" என்பது எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமே ஏழு நாள்தான். அதையும் நாம் கடைசி நாளை எண்ணிக்கொண்டே கழிக்கிறோம். பதினெட்டுப் பேரும் போக முடியாது என்பது உண்மை. போகவும் வேண்டாம். இருவர் போகட்டும், ஒருவர் பாடத் தெரிந்தவர், மற்றவர் தாளம் தெரிந்தவர். இருவரில் ஒருவர் பெண்ணாயிருந்தால் சிறுமிகள் தயங்காமல் வருவார்கள். விடுமுறைக்கு ஓரிணை, அடுத்த விடுமுறைக்கு அடுத்த இணை; முன்னவர் எழுதி வைத்த குறிப்பைப் படித்துக்கொண்டு பின்னவர் போகட்டும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற் பயணம். அதற்குள் வங்காளியில் பத்து வாக்கியம் பழகிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையின் சுருதி எது, யார் வீட்டில் எந்தப் பாட்டு இருக்கிறது, எந்தப் பாட்டி கோபக்காரி என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கவேண்டும். முதல் குறிப்பேட்டை நான் தருகிறேன்.

ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய தொகையைக் கணக்குப் பார்த்தேன். இருவருக்குப் போகவர கப்பற் கட்டணம் போக, ஓர் ஆர்மோனியம் வாங்க மிஞ்சும். நாக்குகள் பழுதானால் மாற்ற ஒரு பெட்டி நாக்குகளும் வாங்கலாம். அந்த ஆர்மோனியத்தை நாம் திருப்பிக்கொண்டு வரக்கூடாது. அதை யார் வீட்டில் வைப்பது என்பதில் முற்றத்துப் பிள்ளைகளுக்குள் இப்போதே சண்டை. இட்லிக்கடையில் வைத்தால் எண்ணெய்ப் புகை படியும் என்று ஒரு கட்சி. மூதாட்டி வீட்டுக் கூரை ஒழுகும் என்று எதிர்க்கட்சி. தீர்ப்பை அவர்களிடமே விட்டு வந்திருக்கிறேன்.